மலையகச் சிறுநிலமும் மண்வாரி இயந்திரமும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது புசல்லாவை. 1841ஆம் ஆண்டில் வோம்ஸ் குடும்பத்தார் சீனத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்த ரொத்ஸ்சைல்ட் தோட்டம் இவ்வூரைச் சார்ந்ததே. அன்று தொட்டு மிக அண்மைக்காலம் வரையில் இம்மலைகளைத் திருத்திய கருவிகள் மண்வெட்டியும் அலவாங்குமே. பாதை சமைத்ததும், கான் வெட்டியதும், லயத்துக்கு மட்டம் பிடித்ததும் மனிதரின் தோள்வலியாகும். இன்று அந்நிலை மாறிவிட்டது. தோட்டத்தில் ஒரு குடும்பம் தனக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் நிலத்தில் வீடு கட்டத் தொடங்கினாலும், நகரையடுத்த ஒருவர் மாட்டுத்தொழுவத்துக்கு இடம் ஒதுக்கினாலும், முதலில் வந்து நிற்பது மண்வாரி இயந்திரம். பத்துப் பேர் பல நாள் வெட்டிய மண்ணை அது ஒரு பகலில் வெட்டித் தள்ளிவிடுகின்றது.

இயந்திரத்தை அமர்த்துவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 'எது வலிமை மிக்கது? எதற்கு மணிக்கூலி குறைவு?' என்பதாகும். இக்கேள்வி சமநிலத்தில் பொருந்தும். மலைச்சரிவில் இதற்கு முன்னர் வேறு சில கேள்விகள் உள. நிலத்தின் சாய்வு எவ்வளவு? நிலத்துக்குச் செல்லும் வழி எத்தனை அடி அகலம்? வெட்டும் மண் எங்கே போகும்? மழைநீர் எங்கே ஓடும்? இவற்றுக்கு விடை கண்ட பின்னர், இயந்திரத்தைத் தெரிந்தெடுப்பது பெரும்பாலும் தானே முடிந்துவிடும்.

நம் நாட்டில் மக்கள் 'பொப்கட்' என்று அழைக்கும் சிறு சுமையேற்றி இயந்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பொப்கட் என்பது வட அமெரிக்காவில் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் பெயர். ஒரு நிறுவனம் தன் இயந்திரத்துக்கு 1962ஆம் ஆண்டில் இட்ட அப்பெயர், இன்று அவ்வின இயந்திரங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதன் பிறப்பு வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்னும் சகோதரர் இருவர் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வந்தனர். வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒருவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அவருடைய கொட்டகை மாடியுடையது. உள்ளே தூண்கள் நெருங்கி நின்றன. எருவை வாரி அகற்ற ஒரு பொறி வேண்டும். அது மாடித்தளம் தாங்குமளவு இலேசாகவும், தூண்களுக்கிடையே திரும்புமளவு சிறிதாகவும் இருத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டில் கெல்லர் சகோதரர் மூன்று சக்கரங்கள் கொண்ட பொறி ஒன்றைச் செய்து கொடுத்தனர். மறு ஆண்டில் வட டகோட்டாவிலுள்ள மெல்ரோ நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1960ஆம் ஆண்டில் பின்புறத்து ஒற்றைச் சக்கரத்துக்குப் பதிலாக இரு சக்கரங்கள் பூட்டப்பெற்று, இன்றைய வடிவம் தோன்றிற்று.

இவ்வரலாற்றில் மலைநாட்டார் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பொறி கொட்டகைக்குள், சமமான உறுதியான தரையில், நெருக்கமான இடத்தில் வேலை செய்யப் பிறந்தது. மலையேறுவதற்காக எவரும் அதனை ஆக்கவில்லை.

அதன் நடையும் தனித்தன்மையானது. மோட்டார் வண்டியின் முன்சக்கரங்கள் திரும்புவது போல இதன் சக்கரங்கள் திரும்புவதில்லை. வலப்பக்கத்து இரு சக்கரங்கள் ஓரிணையாகவும், இடப்பக்கத்து இரு சக்கரங்கள் மற்றோரிணையாகவும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகின்றன. ஒரு பக்கம் விரைந்தும் மறுபக்கம் மெதுவாகவும் சுழலும்போது, சக்கரங்கள் தரையைத் தேய்த்துச் சறுக்கி, பொறி திரும்புகின்றது. இரு பக்கமும் எதிரெதிராகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றிவிடும். நெருக்கமான முற்றத்தில் இது பெருநலம். ஆனால் ஈரமான மலை மண்ணில் ஒவ்வொரு திருப்பமும் புல்லையும் மேல்மண்ணையும் உரித்தெடுக்கும். உரிந்த தடத்தில் அடுத்த மழை ஓடை பறிக்கும். சக்கரத்துக்குப் பதிலாக இரப்பர்ச் சங்கிலித் தடம் பூட்டிய வகையும் உண்டு. அதன் எடை அகலப் பரவுவதால் சேற்றில் புதைவது குறைவு, பிடியும் மிகுதி. எனினும் தடம் தேய்ந்தால் புதிது மாற்றும் செலவு சக்கரத்தின் செலவைவிடப் பன்மடங்கு என்பதை வாங்குவோர் மறத்தல் ஆகாது.

இனி, சுமை. ஒவ்வொரு பொறிக்கும் 'செயற்படு சுமை' என்று ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு பாரம் ஏற்றினால் பொறி முன்னே கவிழுமோ, அதில் சரிபாதியே சக்கரப் பொறியின் செயற்படு சுமையாகும். சங்கிலித் தடப் பொறிக்கு வழக்கமாக நூற்றுக்கு 35 பங்கே கொள்வர். மிகச் சிறிய வகை ஏறத்தாழ 3 அடி அகலமும் 1,300 கிலோகிராம் எடையும் உடையது. அது பாதுகாப்பாகச் சுமப்பது ஏறத்தாழ 340 கிலோகிராம். 5 அடி அகலமுள்ள நடுத்தர வகை 600 முதல் 800 கிலோகிராம் வரை சுமக்கும். நம் நாட்டில் மண்ணையும் மணலையும் 'கியூப்' கணக்கில் அளப்பது வழக்கம்; 100 கன அடி ஒரு கியூப். வெட்டி உதிர்ந்த மண் ஒரு கியூப் ஏறத்தாழ நான்கு தொன் நிறுக்கும். எனவே மிகச் சிறிய பொறி ஒரு கியூப் மண்ணை அகற்றப் பதினொன்று, பன்னிரண்டு நடை நடத்தல் வேண்டும். விற்பவர் குதிரைவலுவைக் கூறுவர். வாங்குபவர் நடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

இச்சுமைக் கணக்குகள் யாவும் சமதரையில் எடுத்தவை. சரிவில் கணக்கு மாறிவிடும். பக்கெட் வெறுமையாக இருக்கையில் பொறியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ பின்சக்கரங்களின் மேல் இருக்கின்றது. மண் நிரம்பியவுடன் பாரம் முன்னே சாய்கின்றது. ஆகவே பாரமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியிருத்தல் வேண்டும் என்பது விதி. வெறும் பக்கெட்டுடன் ஏறும்போது பின்பக்கமாக ஏறுதல் வேண்டும். நிறைந்த பக்கெட்டுடன் முன்பக்கமாக ஏறிப் பின்பக்கமாக இறங்குதல் வேண்டும். பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே கொண்டு செல்லல் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே செல்வதும், சரிவில் நின்று திரும்புவதும், கையை உயர்த்தியபடி நகர்வதும் ஆபத்து. இவ்விதியைக் கேட்டவுடன், புசல்லாவையில் எத்தனை நிலங்களில் இப்பொறி தாராளமாக இயங்க முடியும் என்பது நேயர்களுக்கே விளங்கிவிடும்.

அவ்வாறாயின் இப்பொறி மலைநாட்டுக்கு வேண்டாததா? அவ்வாறு கூறுவதும் தவறு. தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் விறகு நகர்த்தவும், மாட்டுத்தொழுவத்தில் எரு வாரவும், மணலும் கல்லும் விற்குமிடத்தில் லொறிக்கு ஏற்றவும் இதற்கு நிகரானது அரிது. பெருமழைக்குப் பின்னர்ப் பாடசாலை முற்றத்திலோ கடைவீதியிலோ வந்து குவிந்த சேற்றை அகற்றவும் இது பெரிதும் உதவும். தரை கொங்கிரீட்டாகவோ இறுகிய மண்ணாகவோ இருந்து, வேலை ஆண்டு முழுவதும் தொடர்ந்து கிடைக்குமாயின் இதனை வாங்கலாம். ஒரு வீட்டுக்கு மட்டம் பிடிப்பதற்காக இதனைத் தேடுவதே பொருந்தாத செயல்.

வீட்டு நிலத்துக்கு வழக்கமாக வருவது 'பெக்கோ' எனப்படும் இயந்திரம். தமிழ்நாட்டில் இதனையே ஜேசிபி என்பர். அது பிரித்தானியாவின் பாம்ஃபோர்டு என்பவர் நிறுவிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். முன்னே அள்ளும் பக்கெட்டும் பின்னே தோண்டும் கையும் ஒருங்கே அமைந்த பொறியை அந்நிறுவனம் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டது. வலிமையில் குறைவில்லை. ஆனால் அதன் எடை ஏழரை முதல் எட்டுத் தொன். அகலம் ஏழரை அடியளவு. தோட்டத்துக் குறும்பாதையில் அது நுழைவதற்கென்றே பாதையோரத்தை வெட்டுவதும், கற்கட்டை இடிப்பதும், கானை மண்ணிட்டு மூடுவதும் காணக்கூடிய காட்சிகளே. வீட்டு மட்டத்துக்கு வந்த பொறி, வரும் வழியிலேயே மலையை ஒருமுறை காயப்படுத்திவிடுகின்றது.

இவ்விரண்டுக்கும் நடுவே, சரிவு நிலத்துக்கு மிகவும் பொருந்துவது மினி எக்ஸ்கவேட்டர் என்னும் சிறு தோண்டும் பொறி. சங்கிலித் தடத்தின் மேல் சுழலும் உடலும் நீண்ட கையும் உடையது. 1.7 தொன் வகை ஏறத்தாழ 3 அடி 3 அங்குல அகலத்தில் அடங்கும். 3 தொன் வகை 5 அடி அகலம் கொள்ளும். பொப்கட் ஒவ்வொரு பக்கெட் மண்ணுக்கும் முன்னும் பின்னும் ஓடுதல் வேண்டும். இதுவோ ஒரு மட்டத்தில் நிலையாக அமர்ந்து, கையை மட்டும் நீட்டி வெட்டிப் பக்கத்தில் கொட்டுகின்றது. ஓட்டம் குறைவதால் நிலம் உழப்படுவது குறைகின்றது. முன்னுள்ள தள்ளுதட்டைத் தரையில் ஊன்றி உறுதி பெறவும் கூடும். மண்ணைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல இதனால் இயலாது என்பது குறையே. அதற்குச் சிறு லொறியோ கைவண்டியோ துணை வேண்டும்.

இப்போது இப்பேச்சின் நடுப்பொருளுக்கு வருவோம். தோட்டப்புறத்து வீட்டுத்திட்டங்களில் 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்பது பலர் அறிந்த அளவு. நிலம் 30 பாகை சரிந்திருப்பதாகக் கொள்வோம். வீட்டை 20 அடி ஆழமும் 27½ அடி நீளமுமாக அமைக்க மலையை வெட்டினால், பின்புறத்து மண்சுவர் எவ்வளவு உயரும்? பதினொன்றரை அடி! இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் மண். வெட்டிய மண் ஏறத்தாழ 32 கியூப். உதிர்ந்து பெருகியபின் 40 கியூப் ஆகும். மிகச் சிறிய பொப்கட்டுக்கு அது நானூறுக்கு மேற்பட்ட நடை. அதே 550 சதுர அடியை 14 அடி ஆழமும் 39 அடி நீளமுமாகச் சரிவுக்குக் குறுக்கே நீட்டிப் போட்டால், பின்சுவர் 8 அடியாகக் குறைகின்றது. வெட்டும் மண் 22 கியூபாகக் குறைகின்றது. 20 அடி ஆழத்தை ஒரே மட்டமாக வெட்டாது, பத்துப் பத்து அடியாக இரு படிகளாக வெட்டினால், ஒவ்வொரு சுவரும் ஆறடிக்கும் குறைவு; மண் 16 கியூப், அதாவது சரிபாதி. கூரையும் அறையும் ஒன்றே. மலைக்கு ஏற்படும் காயம் மட்டும் வேறு. லயங்களின் குறைகளைப் பேசத் தொடங்கினால் நேரம் போதாது. ஆயினும் சரிவுக்குக் குறுக்கே நீளமாக வீட்டை நிறுத்தும் முறையைப் பழைய கட்டடங்கள் பலவற்றில் இன்றும் காணலாம்.

இக்கணக்கு இயந்திரத் தெரிவையும் மாற்றிவிடுகின்றது. பதினொன்றரை அடிச் சுவருக்குப் பெரிய பெக்கோ வேண்டியதாகும். எட்டடிச் சுவரையும் ஆறடிப் படியையும் 3 தொன் மினி எக்ஸ்கவேட்டர் எளிதில் முடித்துவிடும். பெரிய பொறிக்கு வழி வெட்டும் தேவையும் ஒழிகின்றது. ஆகவே பொறியை அமர்த்துமுன் வீட்டின் வரைபடத்தை ஒருமுறை நிலத்தின் சாய்வோடு வைத்துப் பார்ப்பதே முதல் வேலை. மண்வெட்டிக் காலத்தில் இவ்வறிவை உழைப்பே கற்பித்தது. ஒவ்வோர் அடியும் வியர்வை கேட்டதால் எவரும் வேண்டாத மண்ணை வெட்டவில்லை. பொறி வந்தபின், 'மணிக்கூலி ஓடுகின்றதே, இன்னும் ஐந்தடி உள்ளே வெட்டுங்கள், முற்றம் பெரிதாகட்டும்' என்று சொல்வது எளிதாகிவிட்டது.

அந்த ஐந்தடியின் விலை சிலவேளை உயிராகும். மலைநாட்டுச் சரிவுகளில் பாறையின் மேல் கிடப்பது, பன்னெடுங்காலம் சிதைந்து ஆழமாகிய மண்ணும், முன்னொரு காலத்தில் சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லுமாகும். வறண்ட நாளில் செங்குத்தாக வெட்டினாலும் அது நிற்கும். நிற்பதைக் கண்டு வீட்டுக்காரர் மனம் தெளிவார். மழைநீர் உட்புகுந்து மண்ணின் இடைவெளிகளை நிரப்பியவுடன் அதன் பிணைப்பு தளர்ந்துவிடும். 24 மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், 7 பேர்ச்சஸ் நிலத்தில் மட்டும் 17,000 லீற்றருக்கு மேல் நீர் விழுகின்றது. மேற்சரிவிலிருந்து வழிந்து வருவது தனி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகள் அவ்விழப்பில் பெரும்பங்கு கொண்டன. இப்பெருஞ்சரிவுகள் அனைத்துக்கும் வீட்டு வெட்டே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. மலையே பெயர்ந்து வரும்போது தனியொரு வீட்டுக்காரர் செய்யக்கூடியது, முன்கூட்டி அகல்வது ஒன்றே. ஆனால் வீட்டின் பின்சுவர் இடிந்து சமையலறையில் விழும் சிறு சரிவுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிகழ்கின்றன. அவற்றில் மனிதர் கை வெட்டிய வெட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பதும் இதனோடு சேர்ந்த வினா. பொறி இயக்குபவருக்கு மிகவும் எளியது கீழ்ச்சரிவில் தள்ளிவிடுவது. இறுக்கப்படாத அம்மண், முற்றம் போல் தோற்றமளித்து, முதற் பெருமழையில் கீழ்வீட்டார் கூரை மீது இறங்கும். அத்துடன் தேயிலை மலையில் முன்னோர் வெட்டி வைத்த கான்களையும் அது அடைத்துவிடும். கான் அடைபட்டால் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். எனவே எஞ்சும் மண்ணுக்கு இடம் கண்ட பின்னரே முதல் பக்கெட் மண்ணில் இறங்குதல் வேண்டும். மண்ணை லொறியில் வெளியே கொண்டு செல்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி தேவைப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

சட்டம் வேறு ஒரு துணையையும் தருகின்றது. 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளை அளந்து வரைபடம் ஆக்கி வருகின்றது. 2011ஆம் ஆண்டிலிருந்து, இத்தகைய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அந்நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறும் முறை நடைமுறையில் உள்ளது. பலர் இதனைத் தடை என்று எண்ணிப் பொறியை முதலில் அழைத்துவிட்டுத் தாளைப் பின்னர் தேடுகின்றனர். நிலத்தைப் பார்க்க வருபவர், சரிவின் மேலே நீளும் வெடிப்பையும், சாய்ந்து நிற்கும் மரத்தையும், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றையும் கண்டு பொருள் சொல்லக்கூடியவர். அவருடைய சொல்லைக் கேட்டபின் வெட்டினால் வெட்டும் செலவே சிலவேளை மிஞ்சும்.

காலமும் பார்த்தல் வேண்டும். வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் இடிமழையும் புயல் மழையும். தை மாதப் பிற்பகுதி தொடங்கிப் பங்குனி வரை ஒப்புநோக்க வறண்ட நாட்கள். மட்டம் பிடிப்பதற்கு அக்காலமே உகந்தது. மழைக்கு முன்னர்ச் சுவர் கட்டி, அதில் நீர் வடியத் துளையும் விடலாம்.

பொறியைச் சொந்தமாக வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் வெளிநாட்டில் பயன்பட்டு வந்த பழைய பொறியையே காண்பர். நிறத்தைப் பார்த்து மயங்குதல் ஆகாது. கையையும் பக்கெட்டையும் இணைக்கும் முளைகளில் ஆட்டம் உண்டா, பாரத்தை உயர்த்தி நிறுத்தினால் அது தானே தாழ்கின்றதா, எண்ணெய்க் குழாய்களில் கசிவு உண்டா என்பவற்றைச் சோதித்தல் வேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கலாகாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து கையையே இழக்கச் செய்யும். அட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பார்த்தல் போதும். பொப்கட் வகையில் இயக்குபவர் பெரும்பாலும் முன்புறமாக, பக்கெட்டைத் தாண்டியே ஏறி இறங்குதல் வேண்டும். ஆகையால் கை உயர்ந்திருக்கையில் இறங்குவது உயிருக்குக் கேடு. ஒற்றைக் கையும் பக்கவாயிலும் உடைய வகையும் சந்தையில் உண்டு. கவிழ்ந்தாலும் நசுங்காத கூண்டும், இருக்கைப் பட்டியும், தடுப்புக் கம்பியும் குறைவின்றி இருக்கின்றனவா என்று காண்க. பழைய பொறிகளில் முதலில் கழற்றி எறியப்படுவன இவையே.

சிறு நிலக்காரருக்கு வாங்குவதினும் வாடகையே ஏற்றது; ஆண்டில் இரண்டு நாள் வேலைக்கு ஒரு பொறியை நிறுத்தி வைத்தல் வீண். நான்கைந்து குடும்பத்தார் ஒன்றுகூடி, அடுத்தடுத்த நிலங்களின் வேலையை ஒரே முறையில் முடித்தால் பொறியை ஏற்றி இறக்கும் செலவும் பகிரப்படும். மேல்நிலத்து நீர் கீழ்நிலத்தில் எவ்வழியாக இறங்குவது என்பதையும் ஒரே நாளில் பேசி முடிக்கலாம். கூலியை மணிக்கணக்கில் பேசும்போதே, வெட்டின் தலைப்பில் ஒரு கானும், சுவரின் அடியில் ஒரு கானும் வெட்டுவதை அவ்வேலைக்குள் அடக்கிப் பேசுதல் வேண்டும். இரண்டுக்கும் மினி எக்ஸ்கவேட்டருக்கு நெடுநேரம் ஆகாது. வீட்டுச் சுவருக்கும் வெட்டிய சுவருக்கும் இடையே ஓர் ஆள் மண்வெட்டியுடன் தாராளமாக நின்று வேலை செய்யும் இடமேனும் விடுதல் வேண்டும்; அடிக்கானைத் தூர்வார வேறு வழியில்லை. அன்று மாலை பொறியை லொறியில் ஏற்றுமுன், ஒரு வாளி நீரைத் தலைப்புக் கானில் ஊற்றி, அது எப்பக்கம் ஓடுகின்றதென்று பார்த்துக்கொள்ளலாம்.